ஒரே குறி, மூன்று துளைகள்

ஒரே துப்பாக்கி, சுடுபவரும் ஒருவரே. துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் அசையாமல் பதித்து, 100 மீட்டருக்கு அப்பால் ஒட்டப்பட்ட காகிதத்தின் கறுப்புப் புள்ளியை நோக்கி மூன்று முறை சுடுகிறார். மூன்று குண்டுகளும் ஒரே துளை வழியாகப் போயிருக்க வேண்டும் அல்லவா? போவதில்லை. மூன்று துளைகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. நல்ல வேட்டைத் துப்பாக்கியானால் அவற்றின் இடைவெளி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும். இந்தச் சிதறல் எங்கிருந்து வருகிறது? இதைக் குறைக்க முடியுமா?

அமெரிக்க நாட்டில் இக்கேள்வியோடு மல்லாடுவோர் ஏராளம். அங்கு வேட்டைக்காரர்கள் பலர் கடைத் தோட்டாவோடு திருப்தி அடைவதில்லை. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் வெடிக்கும் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. (தீபாவளிப் பொட்டு வெடியை நினைத்துக் கொண்டால் கேப்பின் வேலை விளங்கிவிடும்.) சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டுமே. அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் பொருத்தி மீண்டும் பயன்படுத்துகிறார்கள். செலவு குறைகிறது என்பது ஒரு காரணம். தம் துப்பாக்கிக்கு மிகவும் ஒத்துப்போகும் கலவையைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் பெரிய காரணம்.

இது குத்துமதிப்பாகச் செய்யும் வேலை அன்று. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்று, இன்றும் வேட்டைக்குப் பயன்படும் ·30-06 தோட்டாவினுள் எழும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல் 4,000 மடங்கு வரை போகலாம். அளவு மிஞ்சினால் துப்பாக்கியே சுடுபவரின் முகத்தருகில் சிதறும். ஆகவே மருந்துத் தயாரிப்பாளர்கள் வெளியிடும் அட்டவணைகளை விட்டு அவர்கள் விலகுவதில்லை. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டையையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. நமக்கு இங்கே வேண்டியது தோட்டா அன்று, அதிலுள்ள கணக்கு.

மருந்தை நிறுக்கும் அலகு ‘கிரெயின்’. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியால் நிறுத்ததைப் போல, தானிய மணியிலிருந்து பிறந்த அலகு இது; 1 கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். இவர்களுடைய தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். ஓர் அரிசியின் எடையில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்! இவ்வளவு கவனமாக நிறுப்பது எதற்கு? குண்டின் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

வேகத்தை அளப்பது எப்படி? இங்கிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட நூலில் அழகான வழி ஒன்றைக் காட்டினார். கனமான மரக்கட்டையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, அதன்மீது சுட்டார். குண்டு கட்டையில் புதைய, கட்டை பின்னால் ஊசலாடியது. அது எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த இந்தக் கணித மேதை, 1751-இல் நம் கடலூரில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இன்று ஊஞ்சலின் வேலையை ஒளி உணரிகளும் ராடாரும் செய்கின்றன.

11·7 கிராம் குண்டு விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொள்வோம். மற்றொரு தோட்டாவில் வேகம் 15 மீட்டர் குறைந்துவிட்டது. 100 மீட்டரில் அக்குண்டு எவ்வளவு தாழ்ந்து விழும்? வெறும் 3 மில்லிமீட்டர்! 300 மீட்டரில்தான் வேறுபாடு 3 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே நம் காகிதத்தில் கண்ட சிதறலுக்கு வேகத்தை மட்டும் குற்றம் சொல்ல இயலாது.

குண்டின் சுழற்சியைப் பாருங்கள். ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகு மரை போன்ற பள்ளங்கள் உண்டு. பம்பரம் சுழல்வதால் நிற்பது போல, குண்டு சுழல்வதால் தலைகுப்புறப் புரளாமல் பறக்கிறது. 25·4 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்றால் விநாடிக்கு எத்தனை சுற்று? வகுத்துப் பாருங்கள்: 3,200-க்கும் மேல்! இப்போது குண்டின் எடை மையம், அதன் நடு அச்சிலிருந்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். குழலை விட்டு வெளியேறும் கணத்தில், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல அது பக்கவாட்டில் விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகம் பெறும். 100 மீட்டரைக் கடக்க விநாடியில் எட்டில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் குண்டு இரண்டரை சென்டிமீட்டர் விலகிவிடும்! கனமான பக்கம் ஒரு முறை மேலாகவும் ஒரு முறை கீழாகவும் இருந்தால் துளைகளும் அதற்கேற்ப இடம் மாறும். அமெரிக்க மருத்துவர் பிராங்க்ளின் மான் என்பவர் குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துக்கூடச் சுட்டுப் பார்த்து, பல ஆண்டு ஆராய்ச்சியை 1909-இல் நூலாக்கினார். மருந்தைவிடக் குண்டின் செம்மையே முக்கியம் என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது அவருடைய உழைப்பு.

இனி நம் தோட்டாக்காரரிடம் திரும்புவோம். அவர் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி எட்டு வகைத் தோட்டாக்கள் செய்கிறார். வகைக்கு மூன்று சுட்டு, மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் இடைவெளியை அளக்கிறார். ஐந்தாம் வகை 1·4 சென்டிமீட்டர், இரண்டாம் வகை 4·7, மற்றவை இடையில். ‘ஐந்துதான் உத்தமம்!’ என்று குறித்துக் கொள்கிறார்.

இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. எட்டு வகைகளுக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் இத்தகைய எண்கள் கிடைக்கும்! சராசரி இடைவெளி 3 சென்டிமீட்டர் என்றால், மூன்று துளைகளைக் கொண்டு அளக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் வெகு சாதாரணம். எட்டு முறை அளந்தால் ஒன்று தற்செயலாகவே மிகச் சிறியதாக அமைந்துவிடும். அடுத்த வாரம் அதே ஐந்தாம் வகையைச் சுட்டால் பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்கே திரும்பி வரும். பாவம், அவர் காற்றையோ தம் கையையோ நொந்து கொள்வார்.

நம்பிக்கை வரவில்லையா? துப்பாக்கி வேண்டாம், ஒரு கோலிக்குண்டு போதும். தட்டில் ஈர மணலைப் பரப்பி நடுவில் ஒரு குறி வையுங்கள். நின்றபடி தோள் உயரத்திலிருந்து மூன்று முறை கோலியைப் போடுங்கள். பள்ளங்களில் மிகவும் விலகிய இரண்டின் இடைவெளியைக் குறித்துக் கொண்டு மணலைச் சமன் செய்யுங்கள். இப்படி எட்டு முறை. கையும் கோலியும் மாறவில்லை. ஆனால் எட்டு எண்களும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். சிறு எண்ணிக்கையிலான சோதனைகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு, டப்ளின் நகர மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வழி கண்டார். அவர் கையாண்ட பார்லிக்கும் நம் தோட்டாவுக்கும் பொருந்துவது ஒரே கணக்குத்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரண்டே வகைகளை எடுத்துக் கொண்டு, வகைக்கு 20 வீதம், இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். இல்லாவிட்டால் குழல் சூடேறியதன் குற்றம் பின்னால் சுட்ட வகையின் தலையில் விழும். கடைசி இரு துளைகளை மட்டும் பாராமல், ஒவ்வொரு துளையும் நடுவிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளந்து சராசரி காண வேண்டும். அப்போது தடுமாற்றம் முன்பிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. செலவு கூடும், தோளும் வலிக்கும். மூன்று குண்டில் முடிவு கட்டும் ஆசைக்குக் காரணம் இதுதான்.

காகிதத்தில் தவறினால் நட்டமில்லை. அமெரிக்கக் காடுகளின் வெள்ளை வால் மானுக்கு இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். அதற்கு வெளியே குண்டு பட்டால் மான் உடனே சாகாது. காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து பல மணி நேரம் துடிக்கும். காட்டிலோ மணல் மூட்டை இல்லை, மூச்சு இரைக்கிறது, விரல் நடுங்குகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று, 270 மீட்டரில் குண்டைச் சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிவிடும். கலவையைத் தேடிச் சேமித்த அரை சென்டிமீட்டர் இதன்முன் எம்மாத்திரம்?

ஆகையால் அனுபவமுள்ளோர் அங்கே வேறொரு சோதனையும் செய்கிறார்கள். 20 சென்டிமீட்டர் காகிதத் தட்டு ஒன்றை நட்டு, முழங்காலிட்டும் நின்றும், வேட்டையில் சுடுவது போலவே பத்து முறை சுடுகிறார்கள். பத்தும் தட்டில் பட்டால் சற்றுப் பின்னால் போய் மீண்டும் சுடுகிறார்கள். ஒருவருக்கு 120 மீட்டர் வரை பத்தும் பட்டு, 150 மீட்டரில் இரண்டு தவறினால், 150 மீட்டரில் நிற்கும் மானை அவர் சுடாமல் விட்டுவிட வேண்டும்.