படர்தாமரையின் பயணம்

கோயிற் றிருவிழாக் காலத்திலே புலம்பெயர்ந்த சுற்றத்தார் ஊருக்கு வருவதும், ஊரிலுள்ளோர் தமிழகத் தலங்களுக்கு யாத்திரை போவதும் யாழ்ப்பாணத்து வாழ்வில் வழக்கமாகிவிட்டன. வருவோர் பரிசிற் பொருள்களையும், மீள்வோர் புழுக்கொடியலையும் பினாட்டையும் பொதி கட்டுவர். எவரும் பொதியாத ஒன்றும் அவருடன் பயணஞ் செய்வதுண்டு. அதுவே படர்தாமரை.

வட்டமாய்ச் சிவந்து, ஓரந் தடித்து, நடுவிடம் தெளிந்து, நாளுக்கு நாள் அகன்று, ஓயாது அரிப்பது இந்நோய். ஆங்கிலேயர் இதனை வட்டப்புழு எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். ஆயின் இதற்குக் காரணம் புழுவன்று. பங்கசு என்னும் நுண்ணுயிரே. 1840களிலே பாரிசு நகரத்தில் தாவீது குறூபி என்னும் வைத்தியர் நுணுக்குக்காட்டியின் துணையால் இவ்வுண்மையை நிலைநாட்டினார். தோல், மயிர், நகம் என்பவற்றிலுள்ள கெரற்றின் என்னும் புரதம் இதற்கு உணவாகும். வியர்வையும் இறுகிய ஆடையும் இதன் வளர்ச்சிக்குத் துணையாகும்.

இவ்வாராய்ச்சியில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. 1903 முதல் 1915 வரை கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்தெல்லானி, இன்று திரைக்கோபைற்றன் றூப்றம் எனப்படும் பங்கசை 1910இல் விவரித்தார். முன்னர்ச் சில வெப்பநாடுகளில் அடங்கியிருந்த அஃது, 20ஆம் நூற்றாண்டிலே போர்வீரரோடும் பயணிகளோடும் உலகெங்கும் பரவியதென அறிஞர் கருதுவர்.

அவ்வரலாறு இன்று மீள நிகழ்கின்றது. யப்பானில் இந்தியர் ஒருவரிடத்தும் நேபாளர் ஒருவரிடத்தும் பெறப்பட்ட புதிய இனமொன்றுக்கு 2020இல் திரைக்கோபைற்றன் இந்தோற்றினியே எனப் பெயரிட்டனர். 2023இல் நியூயோர்க் நகரத்தில் இருவர்க்கு இந்நோய் கண்டமை அறிவிக்கப்பட்டது. ஒருவர் வங்காளதேசத்தில் இருந்தபோது நோயுற்றவர். மற்றவரோ அண்மையில் வெளிநாடு செல்லாதவர். எனவே, பயணியோடு வந்த நோய் பயணியோடு நின்றுவிடுவதில்லை என்பது தெளிவு. ரேர்பினபின் என்னும் வழக்கமான மருந்துக்கும் இவ்வினம் பெரும்பாலும் அடங்குவதில்லை.

இதன் பரவலுக்கு நம்மவர் பழக்கமும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. இதனை யான் என் உடம்பிற் கண்டறிந்தேன். ஒரு மாத யாத்திரை முடிந்து மீண்டபோது, வேட்டி இறுகும் இடுப்பிலே சிறு வட்டமொன்று தோன்றியது. வைத்தியரிடம் காட்ட வெட்கமுற்று, கடையொன்றிற் களிம்பு வாங்கிப் பூசினேன். மூன்று நாளில் அரிப்பு அடங்கியது. மூன்று வாரத்தில் வட்டம் தொடைவரை படர்ந்தது. அக்களிம்பிலே ஸ்ரெரொயிட் கலந்திருந்தது என்பதைப் பின்னர் வைத்தியர் விளக்கினார். அம்மருந்து சிவப்பையும் அரிப்பையும் மறைக்கும். தோலின் எதிர்ப்பாற்றலைத் தளர்த்திப் பங்கசை வளரவும் விடும். பகைவனைத் துரத்தாது காவலனை உறங்கச் செய்வதற்கு இஃது ஒப்பாகும்.

ஆதலின், பயணத்தின் பின் பரவும் அரிப்புத் தோன்றின் வைத்தியரை அடுத்து, சென்றுவந்த இடத்தையும் பூசிய மருந்தையும் ஒளியாது கூறுக. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் ஐயந் தீரும். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாது, விதித்த காலம் முழுவதும் கொள்ளுக. துவாயையும் உடையையும் பிறரோடு பகிராது, அவற்றை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்துக. வீட்டில் வேறெவர்க்கேனும் நோய் இருப்பின் ஒருங்கே மருந்து செய்க.

வகுப்பறையிலே இந்நோயுற்ற மாணவனைப் பிறர் விலக்கி நகைப்பதை ஆசிரியராகிய நாம் கண்டிருக்கின்றோம். அந்நகைப்பே அவனை மறைக்கச் செய்கின்றது. மறைத்த நோயே பரவுகின்றது. வெட்கத்தை நீக்குவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்க.