பனிப்படியில் ஓர் இரவு

1954 ஜூலை 30. காரகோரம் மலைத்தொடரில், உலகின் இரண்டாவது உயரமான சிகரமாகிய கே-2இன்மீது இத்தாலியர் குழுவொன்று ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் உச்சியை நாடவிருந்த கொம்பஞோனி, லாச்செதெல்லி இருவருக்காகவும் பிராணவாயு உருளைகளைச் சுமந்து சென்றனர், 24 வயது வால்தேர் பொனாத்தியும் ஹூன்ஸா நாட்டுச் சுமையாளர் அமீர் மஹ்தியும். குறித்த இடத்தில் கூடாரம் இல்லை. அது இன்னும் மேலே அமைக்கப்பட்டிருந்தது. இருள் கவிந்தது. கூவி அழைத்தனர். உருளைகளை வைத்துவிட்டு இறங்கிச் செல்லும்படி மேலிருந்து குரல் வந்தது. பின்னர் விளக்கும் அணைந்தது. அவ்விளக்கு அணைந்ததை மன்னிப்பது எளிதன்று.

ஏறத்தாழ 8,100 மீட்டர் உயரம், கூடாரமில்லை, போர்வையில்லை. பனிச்சரிவில் வெட்டிய சிறு படியில் இருவரும் ஒண்டியிருந்து, பனிப்புயலையும் தாங்கி விடியலைக் கண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற உருளைகளோடுதான் மற்ற இருவரும் 31ஆம் நாள் மாலை உச்சியை எய்தினர்.

மஹ்தி தம் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார். பொனாத்தியோ அப்பிராணவாயுவைத் தாமே சுவாசித்துவிட்டார் என்று 1964இல் பத்திரிகையில் பழி எழுந்தது. (சுவாச முகமூடிகள் மேலிருந்த இருவரிடமே இருந்தன!) வழக்காடி வென்றார். ஆயினும் இத்தாலிய மலையேறுவோர் கழகம் அவர் கூற்றை ஏற்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மஹ்தி 1999இலேயே இறந்துவிட்டார்.