பழைய பொருள்களில் ஒரு திருவருகை வளையம்

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு வளையம் செய்யப் போகிறோம் என்று நாங்கள் சொன்னதும் எங்களுள் ஒருத்தியின் பாட்டி திடுக்கிட்டுப் போனார். "நல்ல நாளும் அதுவுமாய் வீட்டில் மலர்வளையமா? யாருக்கு என்ன ஆயிற்று என்று அக்கம்பக்கத்தார் ஓடி வரமாட்டார்களா?" என்றார். அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. நம் ஊரில் மலர்வளையம் இறந்தவர்களுக்கு வைப்பது. மேல்நாட்டார் வாசற்கதவில் தொங்கவிடுவதைப் பார்த்து நாமும் தொங்கவிட்டால் பார்ப்பவர் மனம் துணுக்குறத்தான் செய்யும். ஆகவே நாங்கள் கதவை விட்டுவிட்டு, மேசைமேல் படுக்கையாக வைத்து நான்கு மெழுகுவத்திகள் ஏற்றும் திருவருகை வளையத்தைச் செய்தோம்.

இந்த வளையம் பிறந்ததே ஒரு பழைய பொருளிலிருந்துதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன் என்ற லூத்தரன் சபை இறையியலர் 1833இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். விழா எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள்தோறும் நச்சரித்தார்களாம். அவர் 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாள்களுக்குச் சிறிய மெழுகுவத்திகளையும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரியவற்றையும் அதில் நிறுத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஏற்ற, எத்தனை நாள் மிச்சம் என்பதைப் பிள்ளைகளே எண்ணிக்கொண்டார்கள். பச்சை இலைகள் சுற்றும் வழக்கம் பின்னால் சேர்ந்தது. கத்தோலிக்கக் கோயில்களுக்கு இது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம் என்பது திருவழிபாட்டு உடைகளின் நிறத்தை ஒட்டியது. ரோஜா நிறத்தை மூன்றாவதாகிய மகிழ்ச்சி ஞாயிறன்று ஏற்றுவோம்.

ஏற்காட்டில் வண்டிச் சக்கரத்திற்கு எங்கே போவது? எங்களுக்கு உண்ணிச்செடி கிடைத்தது. சேர்வராயன் மலைச் சரிவுகளில் வேண்டாத இடமெல்லாம் புதராய் மண்டிக் கிடக்கும் இது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவிற்கு வந்தது. ஆடுமாடுகள் தின்றால் நோயுறும். எவ்வளவு வெட்டினாலும் வருத்தப்பட ஆளில்லை! மாதேசுவரன் மலையில் சோளகர் மக்கள் இதன் தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலியே செய்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். விரல் பருமனுக்குக் குறைந்த நீண்ட கொம்புகள் நாலைந்து போதும். காய், பழம் உள்ள கொம்பை எடுக்காதீர்கள். விதை விழுந்தால் வீட்டு வாசலிலும் புதர் கிளம்பும். கத்தியின் முதுகால் முட்களைச் சீவிவிட்டு, பச்சையாக இருக்கும்போதே வட்டமாக வளைத்து, ஒன்றோடொன்று முறுக்கி, இரண்டு முனைகளையும் உள்ளே செருக வேண்டும். அதன்மேல் கிழிந்த பருத்திச் சேலையின் கரையை இறுக்கிச் சுற்றினால் தட்டாத வட்டம் ஒன்று கிடைக்கும்.

அலங்காரத்திற்கு உதிர்ந்த சில்வர் ஓக் இலைகளே போதும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக் கொடி படர்வதற்காகவும் நிற்கும் இந்த மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். (இம்மலையில் காப்பி, ஓக், உண்ணி எல்லாமே வந்தேறிகள், வளையம் மட்டும் வந்தால் என்ன?) இலையின் அடிப்பக்கம் வெள்ளிபோல் மின்னும். அந்தப் பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள்.

முதல் ஆண்டு நாங்கள் இலைகளை மைதாப் பசையால் ஒட்டினோம். மலையோ 1,500 மீட்டர் உயரம். டிசம்பர் மூடுபனியில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாது. இரண்டாம் ஞாயிறுக்குள் வளையம் முழுவதும் பூஞ்சை பூத்து, வகுப்பறையில் வைக்க முடியாத நாற்றம். எல்லாவற்றையும் குப்பைக்குழியில் போட்டோம். அடுத்த ஆண்டு பழைய செய்தித்தாள்களுக்கிடையில் இலைகளை வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளை நாள்தோறும் மாற்றி ஒரு வாரம் உலர்த்தினோம். பசையே வேண்டாமென்று, பூத்தொடுப்பதுபோல வாழைநாரால் மூன்று மூன்று இலைகளாக வைத்துக் கட்டினோம். அது ஜனவரி வரை அப்படியே இருந்தது.

சிவப்பு நிறத்திற்குக் காப்பிப் பழத்தைப் பறிக்க யாருக்கும் கை நீளும். டிசம்பரில் செடியெல்லாம் சிவந்து கிடக்குமே. வேண்டாம். அது தோட்டக்காரரின் உழைப்பு. மேலும், காய்த்துளைப்பான் என்ற சிறு வண்டு 1990இல் நீலகிரியில் முதன்முதலாகக் காணப்பட்டு இந்தியக் காப்பித் தோட்டங்களில் பரவிய பூச்சி. விட்டுப்போன பழங்களில்தான் அது தங்கிப் பெருகும். வளையத்தில் தொங்கும் பழமும் அதற்கு ஒரு வீடே. ஜோடி உடைந்து தனித்துப்போன சிவப்பு வளையல் ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து இருக்கும். அவற்றைக் கட்டுங்கள்.

இனி மெழுகுவத்தி. இதில்தான் கவனம் வேண்டும், ஏனெனில் உலர்ந்த ஓக் இலை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். நான்கு கொட்டாங்குச்சிகளில் ஈர மணலை நிரப்பி, வளையத்தின் உட்புறம் இலை படாமல் வைத்து, அந்த மணலில் மெழுகுவத்திகளை ஊன்றுகிறோம். மின்தடைக்கு ஏற்றி மீந்த துண்டுகளையும் உருக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. ஒரு தகரக் குவளையில் இட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தினுள் அக்குவளையை வைத்து, பெரியவர் ஒருவர் உருக்கித் தரட்டும். சாயம் தேடி அலைய வேண்டாம். தையற்கடையில் ஊதா, ரோஜா நிறத் துணித்துண்டு கேட்டு வாங்கிக் கொட்டாங்குச்சியைச் சுற்றிக் கட்டினால் ஆயிற்று. ஏற்றும்போது சடையும் தாவணியும் முன்னால் விழாதபடி செருகிக்கொள்ளுங்கள். செபம் முடிந்ததும் உடனே அணைத்துவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால் மெழுகுவத்தி குறைந்தபோது வாங்கியதுதான். செய்து முடித்த வளையத்தை அந்தப் பாட்டியிடமே கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சேலைக்கரை சுற்றியிருந்த அடிப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். "இது மலர்வளையம் இல்லையடி, பிரிமணை! விழா முடிந்ததும் இலையைப் பிரித்துவிட்டு என்னிடம் கொடுங்கள். தண்ணீர்ப் பானை ஆடிக்கொண்டே இருக்கிறது" என்றார்.