மாடவீதிக் கடைகளின் சூழல் கணக்கு

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாடவீதிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் இயங்கும் பூக்கடைகள், மெஸ்கள், காபிக் கடைகள், பூஜைப் பொருள் கடைகள் ஆகியவற்றுள் பல மிகச் சிறியவை என்பதாலும், வாடகை இடத்தில் நடப்பவை என்பதாலும், சூழலுக்கு உகந்த தொழில்முறை குறித்துப் பெருநிறுவனங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி இங்கே பொருந்துவதில்லை. மொட்டைமாடி தமக்கு உரியதல்லாத கடைக்காரரிடம் சூரிய மின்தகடு பற்றிப் பேசிப் பயனில்லை. வாங்கிய சில நிமிடங்களிலேயே குப்பையாகிவிடும் பொருள்கள் எவையெனத் தம் செலவுக் கணக்கைப் பார்ப்பதே அவருக்கு உதவும்; ஏனெனில் பணம் வீணாவதும் சூழல் கெடுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

இதற்குக் காகிதக் கப்பைவிடத் தெளிவான சான்று இல்லை. பெயர்தான் காகிதம், சூடான காபி ஊறாமல் இருப்பதற்காக அதன் உட்புறத்தில் பாலிஎத்திலீன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு கப்பை நீரில் நன்றாக ஊறவைத்து விரலால் தேய்த்தால், காகிதக் கூழ் கரைந்துபோக, அந்தப் படலம் கையில் தனியே தங்கும். தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் ஆணை பிறப்பித்து, 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களின் பட்டியலில் இத்தகைய கப்பும், சிற்றுண்டிக் கடைகளில் தட்டின்மேல் விரிக்கப்பட்டுவந்த பிளாஸ்டிக் தாளும் இடம்பெற்றன. நாளொன்றுக்கு 300 காபி விற்கும் கடையில் ஒரு கப் 60 காசு என்று வைத்துக்கொண்டால், மாதச் செலவு 5,400 ரூபாய். 40 ரூபாய் விலையுள்ள எவர்சில்வர் தம்ளர் நூறு வாங்க 4,000 ரூபாய் போதும், அவையோ ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

எனினும் கடைக்காரர்கள் கப்பை விடத் தயங்குவதற்குக் காரணம் விலையன்று, கழுவுதல்தான். அதற்கு ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோன 2019 கோடையில், லாரித் தண்ணீரை நம்பிப் பிழைத்த சென்னை உணவகங்கள் சில, பாத்திரம் கழுவ இயலாமல் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின என்பதை நினைவில் கொண்டால், இத்தயக்கத்தைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஓடும் குழாயின்கீழ் ஒவ்வொன்றாகக் கழுவும் முறையை விட்டு, ஒரு தொட்டியில் சோப்பு நீரும், அடுத்த இரண்டில் நல்ல நீரும் வைத்து வரிசையாக முக்கியெடுத்து, கடைசியில் வெந்நீரில் அலசும் முறைக்கு மாறினாலே நீர்ச்செலவு வெகுவாகக் குறையும். குழாயின் வாயில் திருகும் ஏரேட்டர் என்னும் சல்லடை மூடி, நீரோடு காற்றைக் கலந்து, குறைந்த நீரையே நிறைவான தாரையாகத் தருவதால், கைகழுவும் இடத்துக்கு அது ஏற்றது. சாப்பாட்டுக்கு வாழையிலையும் பிரசாதத்துக்கு மந்தாரை இலைத் தொன்னையும் இருக்கவே இருக்கின்றன. கழுவ வேண்டியதில்லை, மாடும் தின்னும்.

பைகளின் கதையில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. ஜவுளிக் கடைகளில் துணிப்பை என்று நம்பி வாங்கிக்கொள்ளப்படும் நெய்யாத பைகள் பல, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் இழைகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்யப்படுபவை. மாநிலத் தடைப்பட்டியலில் அவையும் உள்ளன. 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் பருத்திப் பையைத் திரும்ப அழைத்தது. ஆனால் பருத்திக்கும் நிலமும் நீரும் செலவாகியிருப்பதால், வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு முறையும் புதிய துணிப்பையை இலவசமாகத் தருவது கடைக்கும் கட்டாது, சூழலுக்கும் உதவாது. பைக்கு விலை வைப்பதும், வீட்டுப் பையோடு வருபவருக்கு ஓரிரு ரூபாய் குறைப்பதுமே சரியான வழி.

பஜ்ஜி, போண்டா போடும் கடைகளுக்கு எண்ணெய்தான் பெருஞ்செலவு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் துருவச் சேர்மங்கள் என்னும் சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. அவற்றின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. சட்டியில் கருகிக் கிடக்கும் மாவுத் துகள்களை அவ்வப்போது அரித்தெடுப்பதும், ஈடு முடிந்ததும் தீயைத் தணிப்பதும் எண்ணெயின் ஆயுளைக் கூட்டும். அதற்குமேல் பயன்படாத எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைக்கும்; உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘ரூகோ’ திட்டத்தின் வழியாக, சேகரிப்போர் அதை லிட்டர் கணக்கில் விலைகொடுத்து வாங்கி, பயோடீசல் தயாரிக்க அனுப்புகின்றனர்.

மின்சாரத்தில் செய்ய வேண்டியது எளிது. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும் இடத்தில், பி.எல்.டி.சி. என்னும் தூரிகையில்லா மோட்டார் விசிறி 30 வாட் அளவிலேயே சுழல்வதால், நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் கடையில் ஆண்டுக்கு 190 யூனிட்டுக்கும் மேல் மிஞ்சும். வணிகக் கட்டணத்தில் விசிறியின் விலை ஓரிரு ஆண்டுகளில் கைக்கு வந்துவிடும்.

தெற்கு மாடவீதிக் காய்கறிக் கடைகளில் மிஞ்சும் கீரைத்தண்டும் கோயில் வாசலில் வாடிய பூவும் வேறு வகை. அவை பிற குப்பையோடு கலந்து, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்திலுள்ள பெருங்குடிக் கிடங்கு போன்ற இடத்தில் காற்றுப் படாமல் மட்கினால், கரியமில வாயுவைவிடப் பலமடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேனாக மாறுகின்றன. 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அச்சதுப்புநிலத்துக்கு அது நல்லதன்று. தனியே பிரித்துக் கொடுத்தால் அதே கழிவு உரமாகிறது. பிரிப்பதற்குக் கடையில் இரண்டு கூடை போதும், ஆனால் பொருள் கடைக்கு வரும்போதே கலப்பில்லாமல் வர வேண்டும். வாழைநாரில் தொடுத்த மல்லிகைச் சரம் நாரோடு சேர்ந்தே மட்கிவிடும். ஜிகினாவும் பிளாஸ்டிக் நூலும் சுற்றிய ரோஜா மாலையையோ, உரக்குழியில் போடுமுன் ஒருவர் உட்கார்ந்து கத்தரிக்கோலால் பிரித்தாக வேண்டும்.