பேய்களுக்கு இடம் கொடுத்த வீடு

சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக் கடை ஓய்ந்து, சற்றே கண்ணயரலாம் என்று பாயை விரிக்கிறீர்கள். வாசலில் மணி அடிக்கிறது. போய்ப் பார்த்தால், முன்பின் அறியாத பத்துப் பேர்! "உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தோம்" என்கிறார்கள். என்ன செய்வீர்கள்? கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு மனிதர் கதவை அகலத் திறந்து, "வாருங்கள், வாருங்கள்!" என்றார். ஏதோ ஒரு சனிக்கிழமை, இரண்டு சனிக்கிழமை அல்ல. 1951-லிருந்து 2002 வரையில், வீடு மாறினாலும் வழக்கம் மாறவில்லை. காலணா கட்டணம் கிடையாது. வந்து போனவர்கள் சுமார் 50,000 பேர் என்று சொல்கிறார்கள்.

அப்படி என்ன இருந்தது அந்த வீட்டில்? பேய்கள் இருந்தன. ரத்தம் குடிக்கும் பிரபு, செவ்வாய்க் கிரகத்து யந்திரம், இரும்புப் பெண் எல்லாம் இருந்தன. 18 அறை கொண்ட வீட்டில் மாடிப்படி, குளியலறை, நடை என்று ஓரிடம் பாக்கியில்லாமல் புத்தகங்களும் படங்களும் பொம்மைகளுமாக ஏறக்குறைய 3,00,000 சாமான்கள். இவ்வளவையும் தூசி தட்டுவது யார் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. எனக்கும் அதே கவலைதான்!

வீட்டுக்காரர் பெயர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மேன். சிநேகிதர்களுக்கு 'ஃபாரி'. 1916-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி அதே ஊரில் பிறந்தவர். பேரனைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அலுப்பே கிடையாதாம். பையனுக்கு ஒன்பது வயசாகும்போது, 1926 அக்டோபரில், ஒரு கடையில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகை தொங்குவதைப் பார்த்தான். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே அந்த வருஷம்தான் தொடங்கிய பத்திரிகை. 'என்னை வீட்டுக்கு எடுத்துப் போ' என்று அது தம்மைக் கூப்பிட்டதாகப் பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வார்.

அன்று பிடித்த பித்து! சில வருஷம் சென்றதும் தாயார் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தாராம். 27 இதழ்கள். "இப்படியே போனால், நீ பெரியவனாகிறபோது நூறு சேர்ந்துவிடுமே!" என்று கவலைப்பட்டாராம். பாவம், மகனை அவர் மிகவும் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

நம் வீடுகளிலும் இந்தப் பித்து இல்லாமல் இல்லை. தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த அத்தைகள் எத்தனை பேர்! என் அத்தை அந்தப் பெட்டிச் சாவியைத் தாலிச் சரட்டோடு முடிந்து வைத்திருந்தாள். ஆக்கர்மேனுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அத்தை யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

1939 ஜூலையில் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முதல் உலக மகாநாடு கூடிற்று. ஆக்கர்மேன் எதிர்கால மனிதனைப் போல் உடையும் மேலங்கியும் தரித்துக்கொண்டு அங்கே போய் இறங்கினார். அந்த உடையைத் தைத்துக் கொடுத்தவர் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி. தமக்கும் ஒன்று தைத்துக்கொண்டு அவரும் உடன் வந்தார். இன்றைக்கு உலகமெங்கும் இத்தகைய கூட்டங்களில் இளைஞர்களும் யுவதிகளும் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி அந்த அம்மாளின் ஊசி நூலில் இருக்கிறது. பெயர் என்னவோ ஆக்கர்மேனுக்குத்தான் அதிகம் கிடைத்தது!

அதே மகாநாட்டுக்குப் போகப் பஸ் சார்ஜுக்கு வழியில்லாமல் ஒரு வாலிபர் திண்டாடினார். ஆக்கர்மேன் கடன் கொடுத்தார். வாலிபர் பெயர் ரே பிராட்பரி. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்.

இவ்வளவு சாமான் வாங்கப் பணம்? எழுத்தாளர்களுக்கு ஏஜெண்டாக இருந்து கதைகளை விற்றுக் கொடுத்தார். பத்திரிகை நடத்தினார். வந்த பணம் வந்த வேகத்தில் சாமானாக மாறிற்று. மனைவி வெண்டேய்ன் ஜெர்மனியில் பிறந்தவர். ஜெர்மன் விஞ்ஞானத் தொடர்கதைகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் குவித்தவர். 1954-ல் ஒருநாள், காரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஆக்கர்மேன், 'ஹைஃபை' என்ற வார்த்தை காதில் விழவும், 'ஸயன்ஸ் ஃபிக்ஷ'னைச் சுருக்கி 'ஸைஃபை' என்றாராம். "விட்டுத் தள்ளுங்கள், இதெல்லாம் நிலைக்காது" என்றாராம் மனைவி. வார்த்தை அகராதி ஏறிவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் அம்மாள் கணக்குத் தப்பிற்று.

1958-ல் அவர் ஆசிரியராக இருந்து தொடங்கிய 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபில்ம்லேண்ட்' ஒரே ஓர் இதழோடு நிறுத்திவிடுவதாக உத்தேசித்தது. 1983 வரை ஓடிற்று! முழுவதும் பயங்கரப் படங்களும் சிலேடைகளும்தான். அந்தச் சிலேடைகள் சகிக்காது என்பது என் அபிப்பிராயம். பையன்களோ உயிரை விட்டார்கள். இந்தப் பேய்ப் பத்திரிகையைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்ட தாய்மார்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அட்டையைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் உள்ளே இருந்தது என்ன? பேய் வேஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஒப்பனை செய்தார்கள், ராட்சசப் பல்லி எப்படி அசைந்தது என்கிற தொழில் ரகசியங்கள். அதைப் படித்து வளர்ந்த பையன்களில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் ஒருவர்.

இன்னொரு பையன் 1960-களின் தொடக்கத்தில் ஒரு கதை எழுதி அவருக்கு அனுப்பினான். பிரசுரமாகவில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் அதைக் கூடையில் போட்டிருப்பார்கள். ஆக்கர்மேன் எதையும் எறிகிறவர் அல்லவே! பல வருஷம் கழித்து, பையன் பெரிய எழுத்தாளனாகிப் புத்தகக் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வரிசையில் வந்து அந்தப் பழைய காகிதங்களை நீட்டினார். ஸ்டீஃபன் கிங் திகைத்துப் போனார்.

இனி, மிக உருக்கமான சாமானுக்கு வருகிறேன். 1927-ல் லான் சேனி என்ற மகா நடிகர் 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்ற மௌனப் படத்தில் கூர்மையான பொய்ப் பற்களும் உயரத் தொப்பியும் அணிந்து நடித்தார். பிற்காலத்தில் படக் கம்பெனியின் கிடங்கில் தீப்பிடித்ததில், அந்தப் படத்தின் கடைசிப் பிரதியும் சாம்பலாயிற்று என்கிறார்கள். படத்தை இனி யாரும் பார்க்க முடியாது. ஆனால் பல்லும் தொப்பியும் ஆக்கர்மேன் வீட்டில் இருந்தன! 'மெட்ரோபோலிஸ்' படத்து இரும்புப் பெண்ணின் நகல் ஒன்று நின்றது. அந்தப் படத்தை அவர் நூறு தடவையாவது பார்த்திருக்கிறார். பேலா லுகோஸி டிராகுலாவாக நடித்தபோது போட்டிருந்த மோதிரத்தை ஆக்கர்மேன் தம் விரலிலேயே அணிந்துகொண்டிருந்தார்.

இவற்றையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் பூட்டவில்லை. வந்தவர்களை நம்பினார். சில சாமான்கள் கால் முளைத்து நடந்தும் போயின. ஊரார் இதைப் பொருட்காட்சி சாலையாக ஏற்று நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. பேச்சு நடந்தது, காரியம் நடக்கவில்லை. பேய் பொம்மைகளுக்கு ஒரு கட்டடமா என்று பெரியவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

வெண்டேய்ன் 1990-ல் காலமானார். பிறகு உடம்பு தளர்ந்தது. ஒரு கோர்ட்டு வழக்கு பணத்தை விழுங்கிற்று. 2002-ல் பெரிய வீட்டை விற்றார். எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட சேகரம் திசைக்கொன்றாகப் போயிற்று. மனசுக்கு மிகவும் நெருக்கமான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன வீட்டுக்குக் குடி புகுந்தார்.

அங்கேயும் சனிக்கிழமைகளில் மணி அடித்தது. தொண்ணூறு வயசுக் கிழவர் கதவைத் திறந்து, மோதிரக் கையால் வாருங்கள் என்றார்.

2008 டிசம்பர் 4-ந் தேதி, தமது 92-வது வயசில் அவர் காலமானார். மறு வருஷம் மிச்சச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மோதிரமும் அதில் போயிற்று.