குளிர்ந்த காற்று வேறு, புதிய காற்று வேறு

சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு மிடறு காற்றைக்கூட உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே சன்ஷேடில் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கும் படுக்கையறைப் பெட்டிக்கும் நடுவே செம்புக் குழாயில் போய்வருவது குளிரூட்டும் வாயு மட்டும்தான். அறைக்குள் ஏற்கனவே இருந்த காற்றே திரும்பத் திரும்பக் குளிர்கிறது. கூரையும் சுவரும் வெயிலை எப்படி உள்ளே கடத்துகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த வெயிலிடமிருந்து தப்பிக்க நாம் செய்யும் முதல் காரியம் கதவு, ஜன்னலை இறுக மூடுவது. குளிர் வீணாகக் கூடாது என்ற அளவில் அது சரியான காரியமும்கூட. ஆனால் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாம் அடைக்கிற அந்த இடுக்குகள்தான் இதுநாள்வரை, யாரும் கேட்காமலே, வீட்டுக்குக் காற்றோட்டம் தந்துகொண்டிருந்தன. இடுக்கை அடைக்கலாம்; அது செய்துவந்த வேலையை வேறு எதனிடமாவது ஒப்படைத்துவிட்டு அடைக்க வேண்டும். இந்த வாரம் சொல்ல நினைப்பது அவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். உள்ளே இருப்பது ஏறத்தாழ 34 கன மீட்டர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இரண்டு பேர் படுத்தால், காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் தொடங்கும் அந்த வாயு, முற்றிலும் அடைத்த அறையில் மணிக்கு 700 பங்கு வீதம் ஏறும். கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்தாலும் விடிவதற்குள் 2000-ஐத் தாண்டிவிடும். நல்ல காற்றுக்கு 1000 என்ற எல்லையை மியூனிக் நகரத்து மேக்ஸ் பெட்டன்கோஃபர் 1858-லேயே வகுத்துவிட்டார். அந்த அளவில் கரியமில வாயு நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு அது அடையாளம்; வியர்வை வாடை, மரச்சாமான் பசையின் ஆவி, இருமலில் பறக்கும் கிருமி எல்லாமே அதனுடன் சேர்ந்தே தேங்கும்.

இப்படி அடைத்துப் பார்த்த அனுபவம் உலகத்துக்கு ஏற்கனவே உண்டு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், அமெரிக்காவில் கட்டடங்களை இறுக்கி அடைப்பது நாட்டுக் கடமையாகவே ஆயிற்று. அந்நாட்டுக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, 1981-இல் புகைபிடிக்காத அலுவலகங்களுக்கு ஒரு ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று அளவைக் குறைத்தது. தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி என்று புகார்கள் குவிந்தன. வீட்டுக்குப் போனதும் அவை சரியாகிவிட்டன என்பதுதான் அவற்றின் அடையாளம். புதிய, புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களில் 30 சதவீதம் வரை இந்தத் தொல்லை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1984 அறிக்கை எச்சரித்தது. 1989-இல் ஆஷ்ரே குறைந்தபட்ச அளவை 15 கன அடியாக, அதாவது மூன்று மடங்காக, உயர்த்திக்கொண்டது. இதைவிடக் கசப்பான பாடம் 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சௌ நகர உணவகம் ஒன்றில் கிடைத்தது. ஏசி ஓடியது, எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அடைபட்டிருந்தன. அருகருகே இருந்த மூன்று மேசைகளில் அமர்ந்த மூன்று குடும்பங்களில், தொற்றோடு வந்த ஒருவரையும் சேர்த்து, 10 பேருக்குக் கொரோனா உறுதியானது. பின்னர் அளந்தபோது, ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் அங்கே வெளிக்காற்று வந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்ததோ 10 லிட்டர்.

சரி, அந்த 10 லிட்டரை உள்ளே விட்டால் மின்கட்டணம் என்ன ஆவது? நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வெளியே 33 டிகிரி, கடலோரத்துக்கே உரிய ஈரம். உள்ளே 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்றை அந்த நிலைக்குக் கொண்டுவர ஏசி சுமார் 400 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். மின்சாரமாகப் பார்த்தால் ஏறக்குறைய 120 வாட். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, அந்த 400 வாட்டில் சூட்டின் பங்கு கால்வாசிதான். மீதி முக்காலும் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கிச் சொட்டவிடும் வேலை. தமிழில் புழுக்கம் என்று ஒரே சொல்லால் சொல்கிறோமே, அதில் சூடு, ஈரம், அசையாத காற்று மூன்றும் உண்டு. ஏசி முதல் இரண்டையும் விரட்டுகிறது. மூன்றாவதை நாம் மறந்தேபோகிறோம்.

ஐரோப்பியத் தீர்வை அப்படியே இங்கே இறக்கினால் உதவாததும் இதனால்தான். 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த முதல் பாஸிவ் வீடு, காற்றுப்புகாதபடி கட்டி, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கைமாற்றியது. சூட்டை மட்டும் கைமாற்றும் கருவியைச் சென்னையில் மாட்டினால் செலவில் கால்வாசியைத்தான் தொட முடியும். ஈரத்தையும் சேர்த்து மாற்றும் சவ்வோ சக்கரமோ உள்ள வகைதான் இங்கே தேவை. அது பாதிச் சுமையை மிச்சப்படுத்தினால் நம் கணக்கில் ஒரு யூனிட் குறைகிறது. மீதி ஒரு யூனிட்டுக்கு ஏசியின் ரிமோட்டே போதும். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. இரவுக்கு ஆறு யூனிட் இழுக்கும் ஏசியை 24-லிருந்து 27-க்கு மாற்றி, 30 வாட் பிஎல்டிசி மின்விசிறியைச் சுழலவிட்டால் அந்த ஒரு யூனிட் ஏறக்குறையக் கிடைத்துவிடும். மொட்டை மாடியில் வெள்ளைத் தட்டோடு பதித்திருந்தால் லாபம் இன்னும் கூடும்.

வெளிக்காற்றே அழுக்காக இருக்கும்போது அதை ஏன் உள்ளே அழைப்பது என்று கேட்பவர்கள் உண்டு. சாலையோர வீட்டில் ஜன்னலைத் திறந்து போடச் சொல்வது அறிவுரையே அல்ல. ஆனால் காற்று ஒரே வழியாக வந்தால் அந்த வழியில் வடிகட்டி வைக்கலாம், நூறு இடுக்குகளில் வைக்க முடியாது. தூசிக்காக வாங்கும் ஏர் பியூரிஃபயர் கரியமில வாயுவைத் தொடாது. தவிர, அழுக்கில் ஒரு பகுதி நாமே உள்ளே கொளுத்துவது: ஒரு கொசுவர்த்திச் சுருளின் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு கண்டது. முற்றம் வைத்த பழைய வீடுகளில் இந்தத் தொல்லை இல்லையே என்ற ஏக்கமும் அரை உண்மைதான். அங்கே கூடத்தில் காற்று வந்தது. அடுப்படியில் பெண்கள் புகையைக் குடித்தார்கள். தமிழகக் கிராமச் சமையலறைகளின் விறகுப் புகையை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு அளந்தே காட்டியிருக்கிறது. முற்றத்தை அரை கிரவுண்டு மனையில் அடுக்குமாடிக்குள் கொண்டுவரவும் வழியில்லை.

வழி இருப்பது வரைபடத்தில். ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் என்று ஒரு சிறு திறப்பு முன்பு கட்டாயம் இருந்தது. ஏசி வந்ததும் கொத்தனாரே அதை விட்டுவிட்டார். இன்றைய வரைபடத்தில் ஏசி பாயின்ட், கீசர் பாயின்ட், டிவி பாயின்ட் எல்லாம் குறித்திருக்கும். வெளிக்காற்று நுழைய நான்கு அங்குலக் குழாய்க்கு ஒரு துளை குறித்திருக்காது. கட்டும்போது அதற்கு ஆகும் செலவு, சமையலறைக்கு எக்ஸாஸ்ட் துளை விடுவதற்கு ஆவதுதான். டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, குடியேறிய பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டும்.