நித்திரையை அளக்கும் எட்டுக் கேள்விகள்

இரவு முழுவதும் தொழிலுக்குப் போய் வந்த மீனவர் காலை பத்து மணிக்குத் திண்ணையிலே கண்ணயர்ந்தால் அதை எவரும் நோயென்று சொல்வதில்லை. ஆனால் இரவெல்லாம் குறட்டை விட்டு உறங்கி எழுந்தவர், மறுநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவாராயின், அவருக்கு நித்திரையில் மூச்சு அடைபடும் நோய் இருக்கக்கூடும். நாமோ "நல்ல நித்திரைக்காரன்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

பகல் நித்திரையை அளப்பதற்கென அவுஸ்திரேலிய வைத்தியர் மரே ஜோன்ஸ் 1991ஆம் ஆண்டில் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். மெல்பேர்ண் நகரின் எப்வேர்த் வைத்தியசாலையின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, கூட்டத்தில் சும்மா இருக்கும்போது என எட்டு வேளைகளில் கண்ணயர்வீர்களா என்று அது கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள், மொத்தம் 24. பத்துக்கு மேற்பட்டால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பர்.

இதைத் தமிழாக்கினால் போதாதா என்று கேட்கலாம். முதற் சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் தூக்கம் என்பது நாம் நித்திரை என்பதையே குறிக்கும். எமது தீவுகளிலோ தூங்குவதென்றால் பெரும்பாலும் இருந்தபடி ஆடி விழுவது. அங்கே அச்சிட்ட படிவத்தை அப்படியே கொடுத்தால், கேட்பவர் ஒன்றைக் கேட்க, சொல்பவர் வேறொன்றைச் சொல்வார். களைப்பையும் அலுப்பையும் நித்திரையோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. வினாக்கொத்து கேட்பது அவற்றை அல்ல.

எட்டாவது கேள்வி இன்னும் வேடிக்கையானது. வீதி நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கையில் கண்ணயர்வீர்களா? நெடுந்தீவில் எந்த நெரிசல்! பெரு நாட்டில் வாகனம் ஓட்டாதவர்களுக்கென ஒரு மாற்றுப் படிவமே செய்திருக்கிறார்கள். ஒரு மணி நேரக் கார்ப் பயணம் பற்றிய கேள்விக்கு, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகுப் பயணம் பொருந்தும்போலத் தோன்றும். ஆனால் கச்சான் காற்றில் படகு ஆடும்போது யாருக்கு நித்திரை வரும்? அந்தப் புள்ளி கடலின் புள்ளியாகிவிடும். கூட்டம் பற்றிய கேள்விக்குக் கோவிற் பிரசங்கத்தை உதாரணமாகச் சொல்லலாம். ஆனால் கேட்பவர் பங்குப் பணியாளராயின் எல்லோரும் 0 என்றே சொல்வர்.

ஆகவே மொழிபெயர்ப்பைச் சோதிக்க ஒரு முறையுண்டு. இருவர் தனித்தனியே தமிழாக்குவர். மூலத்தைக் காணாத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவார். பின் சிலரிடம் கேட்டு, கேள்வியை எப்படி விளங்கிக்கொண்டீர்கள் என்றும் விசாரிப்பர். அதே ஆட்களிடம் சில வாரம் கழித்து மறுபடியும் கேட்பர். விடை மாறாதிருந்தாலும் போதாது. நூறு கிராம் குறைத்துக் காட்டும் தராசும் ஒவ்வொரு முறையும் ஒரே நிறையைத்தான் காட்டும். நோய் உள்ளவர்கள் என வேறு பரிசோதனையால் அறிந்தவர்களும் நலமானவர்களும் இப்புள்ளிகளால் பிரிகிறார்களா என்று பார்த்தே, பத்து என்ற எல்லை இங்கும் செல்லுமா என்று தீர்மானிக்க வேண்டும்.

நெடுந்தீவுவாசி ஒருவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் படகும் பஸ்ஸும் ஏறி ஒரு நாள் உழைப்பை இழப்பார். தவறான புள்ளிக்காக அவரை அலைக்கழிக்கலாகாது. நோயுள்ளவரை வீட்டுக்கு அனுப்பினால், அவர் அன்றிரவே வள்ளத்தின் இயந்திரத்தருகே தனியே அமர்ந்திருப்பார்.

படிவத்தின் தலைப்பில், புள்ளியில்லாத ஒரு கேள்விக்கும் இடம் விடுமாறு கேட்போம்: இந்நாட்களில் நீங்கள் இரவிலா பகலிலா நித்திரை கொள்கிறீர்கள்?